பதுவையில் வைக்காத கை

இதில் ஒரு சொல்லையும் கூட்டிச் சொல்லவில்லை, பிள்ளைகளே. பெயரையாவது மாற்றி எழுதட்டுமா என்று அமலராணியிடம் கேட்டுப் பார்த்தேன். "வேண்டாம், என்ரை பேரையே போடுங்கோ" என்று சொல்லிவிட்டாள். அதனால் அவள் சொன்னபடியே எழுதுகிறேன். நாளும் நேரமும் அவள் சொன்னவைதான். ஒன்றையும் அவள் மறக்கவில்லை. மறக்க முடியவில்லை.

பேய்க் கதை என்றதும் நடுச்சாமத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது பின்னேரம் நாலேகாலுக்கு நடந்தது. தேத்தண்ணி குடிக்கிற நேரம். அதுதான் எனக்கு இன்னும் பயம்.

1986ஆம் ஆண்டு. டென்மார்க்கில் பிரெடெரிசியா நகரம். மன்னார்ப் பேசாலையில் இருந்து வந்த அமலராணிக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. மூன்றாம் மாடியில் தனியறை வீடு. வயது போனவர்களின் வீடுகளுக்குப் போய், குளிக்க வார்த்து, சாப்பாடு கொடுத்து, கூட்டித் துடைத்துவிட்டு வருகிற வேலை.

அப்படி அவள் பார்த்துவந்தவர்களில் ஒருவர் கிறிஸ்டென்சன் என்ற டெனிஷ் கிழவி. சித்திரம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். கால் ஏலாது, சக்கர நாற்காலிதான். இளம் வயதில் இத்தாலியில் ஒரு பழைய நகரத்தில் படம் கீறப் பழகியவராம். கண்ணை மூட முன் அந்த நகரத்தில் ஆறு கிழமை இருந்து, அரண்மனைகளையும் சுவர்ச் சித்திரங்களையும் ஆறுதலாகப் பார்க்க வேண்டும் என்று ஆசை. மகளுக்கு நேரமில்லை. "நீ வா, செலவெல்லாம் நான்" என்று அமலராணியைக் கூப்பிட்டார்.

அந்த நகரம் எது தெரியுமா? பதுவை. நம்முடைய புனித அந்தோனியார் அடங்கியிருக்கிற பதுவை.

செய்தி கேட்டு எமிலியா ஓடி வந்தாள். அவளும் மன்னார்தான். அமலராணியைவிட ஏழெட்டு வயது மூத்தவள். பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை, இரண்டு பெண் பிள்ளைகள். புருஷன் நீக்கிலாஸ், சுவர் கட்டிப் பூசுகிற மேசன். ஒன்றரை வருடத்துக்கு முன் ஊரில் பஸ்ஸை மறித்து இறக்கிக் கொண்டு போனவர்கள் திருப்பி அனுப்பவில்லை. உயிரோடு இருக்கிறாரா, இல்லையா? ஒருவருக்கும் தெரியாது.

"உண்மையாவோ அமலா? அந்தோனியாரட்டையோ போறாய்?"

"கிழவி படம் பாக்கப் போறா அக்கா. நான் வண்டில் தள்ளப் போறன்."

"நீ ஆரையும் தள்ளு, எனக்கென்ன. எனக்கொரு காரியம் செய்வியோ?"

காரியம் இதுதான். அந்தோனியாரின் கல்லறையில் ஒரு பச்சைப் பளிங்குக் கல் இருக்கிறது. போகிறவர்கள் அதில் உள்ளங்கையை வைத்து, யாருக்காக வந்தார்களோ அவருடைய பெயரைச் சொல்லி மன்றாடுவார்கள். செவ்வாய்க்கிழமை அந்தோனியாரின் நாள். ஆறு கிழமைக்கு ஆறு செவ்வாய்.

"ஆறுக்கும் போ. கையை வை. நீக்கிலாஸ் எண்டு பேரைச் சொல்லு. வேறை ஒண்டும் கேக்க வேண்டாம், அந்தோனியாருக்குத் தெரியும். நான் வேலையால வந்து சரியா நாலேகாலுக்கு இஞ்சை மெழுகுதிரி கொளுத்துவன். அங்கையும் இஞ்சையும் ஒரே நேரம்."

"சரி அக்கா."

"சும்மா சரியெண்டாதை. ஆறும் முடிஞ்சும் ஒரு செய்தியும் வராட்டி, மரித்தோர் திருநாளுக்கு இவரின்ரை பேரையும் எழுதிக் குடுத்திடுவன். எனக்கும் ஏலாது பிள்ளை. எத்தினை நாளைக்கு வாசலையே பாத்துக்கொண்டு இருக்கிறது?"

நவம்பர் இரண்டாம் திகதி, இறந்தவர்களின் பெயர்களைக் கடதாசியில் எழுதிப் பங்குச் சுவாமியாரிடம் கொடுப்பது நம்மவர் வழக்கம். பூசையில் ஒவ்வொன்றாக வாசிப்பார். அந்தப் பட்டியலில் ஒரு பெயர் ஏறினால், வீட்டார் கை விட்டாயிற்று என்று அர்த்தம். அதற்குப் பிறகு எமிலியா தாலியைக் கழற்றிவிடுவாள்.

ஆகவே ஒரு மனிதரைச் செத்தவர் என்று எழுதுவதா விடுவதா என்பது அமலராணியின் கையில் இருந்தது. அவளுக்கும் அது தெரியும். தெரிந்துதான் தலையாட்டினாள்.

ஏப்ரல் 15, முதல் செவ்வாய். வரிசையில் நின்று, நாலேகாலுக்குக் கல்லில் கை வைத்தாள். குளிர்ந்த கல். எத்தனையோ கைகள் பட்டு வழுவழுத்துப் போன கல். "நீக்கிலாஸ்" என்றாள். ஏப்ரல் 22, இரண்டாம் செவ்வாய். அன்றைக்கும் போனாள்.

பிறகு... அவள் சந்தோஷமாக இருந்துவிட்டாள், பிள்ளைகளே. வேறு குற்றம் ஒன்றுமில்லை.

பிறந்த நாள் முதல் அவளுக்கு ஒருவரும் எதையும் நின்று பார்க்கச் சொல்லித் தந்ததில்லை. கிறிஸ்டென்சன் சொல்லித் தந்தார். நீல முகடு முழுக்கப் பொன் நட்சத்திரம் வைத்த சிறு கோயிலுக்குள் இருத்தி, "ஒரு முகத்தை மட்டும் பார், மற்றதெல்லாம் நாளைக்கு" என்பார். கவிழ்த்த கப்பல் போலக் கூரை உள்ள பெரிய அரண்மனை மண்டபத்தில், ஆள் உயரத்தைவிடப் பல மடங்கு பெரிய மரக்குதிரைக்குக் கீழே இருவரும் பாண் சாப்பிட்டார்கள். சுண்ணாம்புச் சாந்து ஈரமாக இருக்கும்போதே சுவரில் வர்ணம் பூச வேண்டுமாம். காய்ந்தால் பிடிக்காதாம். ஒரு நாளில் முடிக்கக்கூடிய அளவுக்குத்தான் சாந்து பூசுவார்களாம். ஒரு நாள் வேலைக்கும் மறுநாள் வேலைக்கும் இடையில் மயிரிழை போல ஒரு பொருத்து. கிழவி விரலால் காட்டினார்.

'நீக்கிலாஸ் அண்ணை பாத்தால் ஆசைப்படுவார்' என்று அமலராணி நினைத்தாள். அது ஏப்ரல் 29, செவ்வாய். வெளியே வந்து மணியைப் பார்த்தபோது ஐந்து பத்து.

அடுத்த செவ்வாய், மே 6. எங்கோ ரஷ்யாப் பக்கம் அணு உலை வெடித்ததாம், கீரை தின்னக்கூடாதாம் என்று ஊரே கதைத்துக்கொண்டிருந்த நாட்கள். அன்றைக்கு ஒரு பிரபுவின் மாளிகையில் இருந்தார்கள். நேரம் நினைவிருந்தது. வரிசை நீளமாக இருக்கும், நாளைக்குப் போகலாம் என்று இருந்துவிட்டாள். மே 13, கிழவியோடு வெயிலில் ஐஸ்கிரீம். மே 20, நினைக்கவே இல்லை.

பிரெடெரிசியா ஸ்டேஷனில் எமிலியா பிள்ளைகளோடு வந்து நின்றாள். ரயிலால் இறங்கியவளின் வலது கையைப் பிடித்து, உள்ளங்கையைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"ஆறு செவ்வாயும் வைச்சனியோ?"

ஸ்டேஷனில் நின்று உண்மையைச் சொல்ல முடியுமா? அந்த முகத்தைப் பார்த்து?

"ஓம் அக்கா. ஆறும்."

ஜூன் போயிற்று. ஜூலை, ஓகஸ்ட், செப்ரெம்பர். எமிலியாவுக்கு ஒரு செய்தியும் வரவில்லை. "அந்தோனியார் பதில் சொல்லிப்போட்டார் போல" என்று அவள் ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். சொல்ல வேண்டும், சொல்ல வேண்டும் என்று அமலராணி ஒவ்வொரு ஞாயிறும் அவள் வீட்டுக்குப் போவாள். தேத்தண்ணி குடித்துவிட்டு வருவாள்.

ஒக்டோபர் 7, செவ்வாய்.

வேலையால் வந்து கேத்தலை அடுப்பில் வைத்தாள். மணி நாலேகால். வெளியே வெளிச்சம் இருந்தது. படிக்கட்டில் காலடிச் சத்தம் இல்லை. ஆனால் கதவில் ஒரு சத்தம்.

சர்ர்ர்...

தட்டவில்லை. யாரோ சொரசொரப்பான உள்ளங்கையைக் கதவில் வைத்து, மெல்ல உரசி அழுத்துகிற சத்தம். பக்கத்து வீட்டுப் பொடியன் விளையாடுகிறான் என்று நினைத்தாள். கதவிலிருந்த கண்ணாடித் துவாரத்தால் பார்த்தாள். ஒருவரும் இல்லை. திறந்தாள். கதவில் தலை உயரத்துக்கு வெள்ளையாக ஒரு கை அடையாளம். துணியால் துடைத்தாள். விரலில் ஒட்டிய தூளை மணந்து பார்த்தாள்.

சுண்ணாம்பு.

கட்டடத்தில் எங்கோ பூச்சு வேலை நடக்கிறதாக்கும் என்று எண்ணிக்கொண்டாள்.

ஒக்டோபர் 14, செவ்வாய். மணி நாலேகால்.

சர்ர்ர்...

இந்த முறை கீழிறங்கி, நெஞ்சு உயரத்தில் கேட்டது. படிக்கட்டு விளக்கு எரியவில்லை. அந்த விளக்கு ஆள் ஏறும்போது பொத்தானை அமத்தினால்தான் எரியும். வந்தவர் அமத்தவில்லை. "யார்?" என்று டெனிஷில் கேட்டாள். பதில் இல்லை. "ஆரது?" என்று தமிழில் கேட்டாள்.

அந்தப் பக்கம் மூச்சு வாங்கும் சத்தம்... நின்றது.

திறந்தபோது அடையாளம் மட்டும். உற்றுப் பார்த்தாள். பெருவிரல் வலப்பக்கம் இருந்தது. இடது கை.

ஞாயிற்றுக்கிழமை எமிலியாவிடம் மெல்லக் கேட்டாள்.

"அக்கா, அண்ணை எந்தக் கையால வேலை செய்யிறவர்?"

"அவர் இடக்கையன். சாந்துக் கரண்டி பிடிக்கிறதும் இடக்கை, எனக்கு முதுகில ஒண்டு போடுறதும் இடக்கை." எமிலியா சிரித்தாள். பிறகு நிறுத்தினாள். "ஏன் கேக்கிறாய்?"

"சும்மா."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஒக்டோபர் 21, செவ்வாய். அன்றைக்கு அவள் வீட்டுக்கே போகவில்லை. வேலை முடிந்த பிறகும் கிறிஸ்டென்சனோடு இருந்தாள். நகரத்தின் மறு கோடியில் உள்ள வீடு. கிழவி பதுவையில் எடுத்த படங்களை மேசையில் பரப்பி அடுக்கிக்கொண்டிருந்தார். மழை இருட்டு. மணி நாலு பதின்மூன்று. நாலு பதினான்கு.

சர்ர்ர்...

சரியாக நாலேகால். கிழவி தலையை நிமிர்த்தினார். "யாரோ வந்திருக்கிறார்கள். திறக்கவில்லையா?"

அமலராணி அசையவில்லை.

"கதவில் கீழே கேட்கிறது. சின்னப் பிள்ளை போல. பாவம், நனையப் போகிறது."

அவருக்கும் கேட்டிருக்கிறது. அப்படியென்றால் அவளுடைய மனப்பிரமை இல்லை. வெகு நேரம் கழித்துத் திறந்து பார்த்தாள். அடையாளம் முழங்கால் உயரத்தில் இருந்தது. ஒரு சின்னப் பிள்ளையின் கை இல்லை அது. பெரிய கை.

ஒவ்வொரு செவ்வாயும் இறங்கிக்கொண்டு வருகிறது.

ஒக்டோபர் 28, செவ்வாய்.

மூன்று நாளைக்கு முன்பே அவளுக்குக் காய்ச்சல். எங்கேயும் ஓட முடியவில்லை. மூன்றரைக்கே விளக்கைப் போட்டாள். வானொலியைப் பெரிதாக வைத்தாள். கதவுச் சங்கிலியைக் கொழுவினாள். கதிரையைக் கொண்டுபோய்க் கதவில் முட்டுக் கொடுத்தாள்.

நாலு பத்து. யன்னலுக்கு வெளியே அரை இருட்டு.

நாலு பதினான்கு. வானொலி இரைந்தது. தானாக நின்றது.

நாலேகால்.

சத்தம் இல்லை.

அப்பாடா என்று மூச்சு விட்டாள்...

சர்ர்ர்...

நிலத்தில். கதவின் அடியில். யாரோ படுத்துக் கிடந்து கையை வைக்கிற மாதிரி.

கதவின் கீழ்ப்பக்கம் தபால் போடும் துவாரம் இருந்தது. அதன் பித்தளை மூடி மெல்ல... மெல்ல... உயர்ந்தது.

உள்ளே கை வரவில்லை.

குளிர் வந்தது. கல்லின் குளிர். அவளுடைய வலது உள்ளங்கை அந்தக் குளிரை அறிந்திருந்தது.

பிறகு குரல். வறண்ட குரல்.

"பேரைச் சொல்லு..."

அவள் வாயைத் திறந்தாள்.

"பேரைச் சொல்லு..."

அந்தப் பெயர் வரவில்லை. நாக்கு கல்லாய்க் கிடந்தது. நாலு பதினாறு. நாலு பதினேழு.

"பேரை..."

மூடி விழுந்தது.

டக்.

அவ்வளவுதான். வானொலி மறுபடி பாடத் தொடங்கியது.

காய்ச்சலோடு, செருப்பில்லாத காலோடு அவள் எமிலியாவின் வீட்டுக்கு ஓடினாள். பத்து நிமிஷ நடை. எமிலியா மேசையில் இருந்து கடதாசியில் எழுதிக்கொண்டிருந்தாள். மேலே தகப்பனின் பெயர், தாயின் பெயர். மூன்றாவதாக 'நீ' என்று மட்டும் எழுதியிருந்தது.

"எழுதாதையுங்கோ அக்கா!"

"என்னடி இது, காலெல்லாம் நனைஞ்சு..."

"நான் பொய் சொன்னனான். பதுவையில... போகேல்லை."

எமிலியாவின் முகம் போன போக்கைப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் வாயில் இருந்த உண்மை பாதியாய் உடைந்தது.

"ஒரு செவ்வாய். ஒரு செவ்வாய் மட்டும் போகேல்லை அக்கா."

எமிலியா ஏசவில்லை. அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததாம்.

"அப்ப அந்தோனியார் பதில் சொல்லேல்லை. குறை எங்கட பக்கம்தான்" என்று எமிலியா கடதாசியைக் கிழித்தாள். "இந்த வரியம் பேர் குடுக்க மாட்டன். அவர் இருக்கிறார் அமலா. எங்கையோ இருக்கிறார்."

அடுத்த செவ்வாய், நாலேகாலுக்கு ஒரு சத்தமும் இல்லை. அதற்கடுத்த செவ்வாயும் இல்லை. எமிலியா புதிய சேட் ஒன்று வாங்கி அலுமாரியில் மடித்து வைத்தாள், நீக்கிலாஸ் வந்தால் போட.

1987 மார்ச்சில் லோரன்ஸ் என்பவர் வந்தார். டென்மார்க்கிலேயே ஒடென்சே நகரத்தில் தமையனோடு இருந்தார். நீக்கிலாஸோடு ஒரே அறையில் அடைபட்டிருந்து, பிறகு விடுபட்டு வந்தவர். எமிலியாவைத் தேடிக் கண்டுபிடித்து ஒரு சனிக்கிழமை வந்தார். அமலராணியும் அங்கே இருந்தாள். தேத்தண்ணி போட்டவள் அவள்தான்.

"அண்ணை செத்துப்போனார் அக்கா. நான் பக்கத்தில இருந்தனான்."

எமிலியா அழவில்லை. "எப்ப?" என்றாள்.

"போன வரியம் மே. இருபதாம் திகதி செவ்வாய் இரவு. விடியமுன்னம் முடிஞ்சுது."

கடும் காய்ச்சலாம். ஏப்ரலிலேயே பிழைக்க மாட்டார் என்று எல்லாரும் நினைத்தார்களாம். அப்போது ஒரு செவ்வாய், இரவு ஏழே முக்கால் இருக்கும், துள்ளி எழும்பியிருந்தாராம். ஒரு பெண்பிள்ளையின் கை தன் நெஞ்சில் பட்டதாம், தன் பெயரைச் சொன்னதாம். காய்ச்சல் விட்டுவிட்டது. அடுத்த செவ்வாயும் அதே நேரம், அதே கை. எழும்பி நடந்தார், கஞ்சி குடித்தார், பகிடி விட்டார்.

"மூண்டாம் செவ்வாய் கை வரேல்லை. காய்ச்சல் திரும்பிட்டுது. சுவரில இடக்கையை வைச்சுக்கொண்டு நிண்டார், அந்தப் பக்கம் ஆரோ நிக்கிற மாதிரி."

லோரன்ஸ் எழுந்தார். எமிலியாவின் வீட்டுச் சுவரில், தலை உயரத்துக்குத் தன் இடது கையை வைத்துக் காட்டினார்.

"அடுத்த கிழமை நிக்க ஏலாது. முழந்தாளில இருந்து வைச்சவர்." கை நெஞ்சு உயரத்துக்கு இறங்கியது. "பிறகு குந்தி இருந்து." முழங்கால் உயரம். "கடைசி நாள் படுத்துக் கிடந்துதான்."

அவர் குனிந்து நிலத்தோரம் சுவரில் கையை வைத்தார்.

கதவில் கண்டதை அமலராணி அதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. லோரன்ஸை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் காண்கிறாள். தேத்தண்ணித் தட்டத்தைக் கையில் பிடித்தபடி, அந்த நாலு உயரத்தையும் மனதுக்குள் எண்ணினாள்.

இத்தாலியில் பின்னேரம் நாலேகால் என்றால் அந்த நாளில் ஊரில் இரவு ஏழே முக்கால், பிள்ளைகளே. அவர் மே மாதமே போய்விட்டார். அப்படியென்றால் ஒக்டோபரில் மூன்று மாடி ஏறி வந்தது எது? பெண்சாதியின் வாசலுக்குப் போகாமல் இவளிடம் ஏன் வந்தது? எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் சொல்ல மாட்டேன்.

எமிலியா லோரன்ஸிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எத்தினை தரம் கை வந்ததெண்டு சொன்னவர்?"

"ரெண்டு தரம் அக்கா."

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ தம்பி."

"ரெண்டுதான். பிறகு நாலு செவ்வாயும் 'பேரைச் சொல்லு, பேரைச் சொல்லு' எண்டு கேட்டபடிதான் கிடந்தவர். ஆரைக் கேட்டவரோ..."

எமிலியா திரும்பினாள். அமலராணியின் முகத்தைப் பார்க்கவில்லை. தட்டத்தைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள்.

"ஒரு செவ்வாயெண்டெல்லோ சொன்னனி, அமலா."

அதுதான் அவள் அமலராணியோடு கதைத்த கடைசிச் சொல். அந்த நவம்பரில் நீக்கிலாஸின் பெயர் பூசையில் வாசிக்கப்பட்டது. அமலராணி கோயிலுக்குள் போகாமல் வெளியே பனியில் நின்று கேட்டாள்.

இன்றைக்கும் அவள் அதே வீட்டில்தான் இருக்கிறாள். செவ்வாய்க்கிழமை நாலேகாலுக்குக் கதவை அகலத் திறந்து வைத்து, இருட்டுப் படிக்கட்டைப் பார்த்து அந்தப் பெயரைச் சொல்கிறாள். இப்போது நாக்குத் தடக்குவதில்லை. தெளிவாக வருகிறது.

ஒருவரும் வருவதில்லை.